தாய் எலி எத்தனை?

வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. எலிகளுக்கு மறதி நோய் குணமாயிற்று, எலிகளுக்கு ஆட்டிசம் குறைந்தது, வாதம் வந்த எலி மறுபடி நடந்தது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் 'இனிய காலை வணக்கம்' ரோஜாவுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவில் ஒரு எலி உட்கார்ந்திருக்கும். நம் வயதுக்காரர்கள்தான் இவற்றை அதிகம் அனுப்புகிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கை நடுக்கமோ, மறதியோ, பக்கவாதமோ எட்டிப் பார்க்காத வீடு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

எனக்கு மருத்துவம் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். எழுதியதைக் கூட்டினேன், கூட்டியதைத் தணிக்கைக்காரரிடம் காட்டினேன். ஆகவே எலியைப் பற்றி நான் சொல்லக்கூடியது ஒரே ஒரு விஷயம்தான்: அதை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. ஆனால் அந்த ஒன்றிலேயே நிறைய இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன். வால்ப்ரோயேட். வலிப்பு நோய்க்கு உலகமெங்கும் கொடுக்கும் மருந்து. நம் பக்கத்து மருந்துக் கடையிலும் உண்டு.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. இந்த அமிலத்தை 1882-இல் பர்ட்டன் என்ற அமெரிக்க வேதியியலாளர் முதலில் தயாரித்தார். அதன்பிறகு எண்பது வருஷம் எவரும் அதை மருந்தாக நினைக்கவில்லை. மற்றப் பொருள்களைக் கரைக்க உதவும் திரவமாக மட்டுமே அதற்கு மதிப்பு. 1962 வாக்கில் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் பியேர் எய்மார் என்ற இளம் ஆராய்ச்சியாளர், கெல்லின் என்ற தாவரப் பொருளிலிருந்து புதிய சேர்மங்களைச் செய்துகொண்டிருந்தார். அவை தண்ணீரில் கரையவில்லை. கரைப்பதற்கு இந்த அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். விலங்குகளுக்கு வலிப்பு வரவைக்கும் ரசாயனத்தைக் கொடுத்துச் சோதித்தபோது புதிய சேர்மங்கள் வலிப்பைத் தடுத்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அதே குழுவில் இருந்த மெனியே, சம்பந்தமே இல்லாத வேறொரு பொருளை அதே திரவத்தில் கரைத்துக் கொடுத்தார். அதுவும் வலிப்பைத் தடுத்தது! அப்புறம்தான் வெறும் திரவத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இத்தனை நாளும் வேலை செய்தது அந்தத் திரவம்தான். ரசம் ருசியாக இருக்கிறதென்று மிளகைப் புகழ்ந்துகொண்டிருக்க, ருசி முழுவதும் புளித்தண்ணீரில் இருந்தது போல.

1963-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1967-இல் பிரான்சில் 'தெப்பாக்கின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. எத்தனையோ பேரை இது காப்பாற்றியிருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. மருந்தைக் கொடுத்த விலங்குக்குப் பக்கத்தில், மருந்து இல்லாத வெறும் திரவத்தைக் கொடுத்த இன்னொரு விலங்கும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிட அழகாகச் சொல்லும் கதை எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது பாடம் அழகானதல்ல.

1982-இல் லியோன் நகரத்தில் எலிசபெத் ரொபேர் என்ற மருத்துவ ஆய்வாளர், அந்த ரோன்-ஆல்ப் பகுதியில் குறையோடு பிறந்த குழந்தைகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்கள், தற்செயல் என்று விட்டுவிட முடியாத அளவுக்கு இருந்தார்கள். அந்த மருந்தை உட்கொண்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இப்படி நேரலாம் என்று அப்போதே கணக்கிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் எத்தா சிவில் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. பழைய புதுவைக்காரர்களுக்குத் தெரியும், பிள்ளை பிறந்தால் மெரியில் போய்ப் பதிய வேண்டும். நாள், மணி, தாய் பெயர், தகப்பன் பெயர், சாட்சி கையெழுத்து எல்லாம் இருக்கும். எங்கோ ஒரு குமாஸ்தா சலிப்போடு எழுதிய வரிகள் பின்னால் ஒருநாள் ஒரு மருந்தின் குணத்தைச் சொல்லிவிடும். பதிவேட்டு வேலையை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கவனித்தார்களா? பிரான்சிலேயே போதிய அளவு கவனிக்கவில்லை. 1967 முதல் 2016 வரை இந்த மருந்தால் பெரிய உடற்குறையோடு பிறந்த குழந்தைகள் 2,150 முதல் 4,100 வரை இருக்கலாம் என்று அந்த நாட்டு அரசு அமைப்புகளே 2017-இல் மதிப்பிட்டன. பேச்சு, கற்றல், பழகுதல் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்கள் 16,600 முதல் 30,400 வரை என்று அடுத்த வருஷம் இன்னொரு மதிப்பீடு வந்தது. டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த 6,55,615 குழந்தைகளின் தேசியப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். கருவில் இந்த மருந்து பட்ட குழந்தைகள் 508. அவர்களில் ஆட்டிச வகைக் குறைபாடு ஏற்பட நூற்றுக்கு 4.4 வாய்ப்பு; மற்றக் குழந்தைகளுக்கு 1.5.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பெண்ணோ பேத்தியோ இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்து உயிருக்கே ஆபத்தாகும். கல்யாணத்துக்கு முன்பே, கர்ப்பத்துக்கு முன்பே, நரம்பு டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

சரி, எலிக்கு வருவோம்.

தாய் சாப்பிட்ட மருந்து பிள்ளையின் மூளையைத் தொடுகிறது என்று தெரிந்ததும், அதை எலியில் செய்து பார்க்க ஆரம்பித்தார்கள். எலியின் கர்ப்பம் மூன்று வாரம். 12-ஆம் நாளை ஒட்டித் தாய்க்கு வால்ப்ரோயேட் ஊசி போடுகிறார்கள். பிறக்கும் குட்டிகள் மற்றக் குட்டிகளோடு அதிகம் சேர்வதில்லை, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. ஆட்டிசத்தைப் படிப்பதற்கு உலகமெங்கும் பயன்படும் முறைகளில் இது ஒன்று. இப்படிப் பிறந்த குட்டிகளுக்குப் புதிய மருந்துகளைக் கொடுத்து, 'குறைந்தது' என்று செய்தி வருகிறது. நம் வாட்ஸ்அப் எலிகளில் சில இந்த வம்சம்தான்.

இப்போது கணக்கு. நான்கு தாய்க்கு ஊசி போடுகிறார்கள் என்று வையுங்கள். வேறு நான்கு தாய்க்கு வெறும் உப்புத்தண்ணீர். ஒவ்வொன்றும் பத்துக் குட்டி போடுகிறது. இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது. கட்டுரையில் 'எண்பது எலிகள்' என்று எழுதுகிறார்கள். எண்பது என்பது பார்க்கக் கௌரவமான எண்.

ஆனால் ஊசி போட்டது எத்தனை பேருக்கு? எட்டுத் தாய்களுக்கு, அதிலும் மருந்து நாலே நாலுக்கு. ஒரே ஈத்துக் குட்டிகள் ஒன்றுபோல இருக்கும் என்பது மாடு கட்டியவன் எவனுக்கும் தெரியும். ஒரே வயிறு, ஒரே பால், ஒரே கூண்டு. ஒரு தாய் குட்டிகளை நன்றாக நக்கி வளர்க்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. அந்தந்தக் குட்டிகள் அதற்கேற்ப அமைதியாகவோ மிரண்டுபோயோ வளரும். ஊசி போட்ட நான்கு தாய்களில் இரண்டு தற்செயலாக மிரண்ட சுபாவமாக இருந்துவிட்டால் போதும், இருபது குட்டிகள் மிரண்டு நிற்கும். அதை மருந்தின் வேலை என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெண்கள் எத்தனை காலமாகச் சொல்கிறார்கள்! அதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு பானையில் பத்துச் சோறு எடுத்து நசுக்கினாலும் தெரிவது அந்த ஒரு பானையின் பதம்தான். எட்டு அடுப்பில் எட்டுப் பானை இருந்தால், நான் எண்பது பருக்கை நசுக்கியிருக்கலாம், ஆனால் எனக்குத் தெரிந்தது எட்டுப் பானைகளைப் பற்றி. கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் 'இதில் என்ன ஐயா இருக்கிறது?' என்று கேட்பார்.

எங்கள் அலுவலகத்தில் ரேஷன் அட்டைக்கு அட்டை மண்ணெண்ணெய் கொடுத்த காலம் ஒன்று உண்டு. எத்தனை அட்டைக்குக் கொடுத்தாய் என்று மேலிடம் கேட்டால், அட்டையைத்தான் எண்ண வேண்டும். வீட்டில் உள்ள தலைகளை எண்ணி, நாலு அட்டையை இருபது என்று எழுதி அனுப்பினால் கூட்டல் சரியாக இருக்கும், ஆனால் தணிக்கைக்காரர் சிவப்பு மையைத் திறந்துவிடுவார். எதைக் கொடுத்தோமோ, யாருக்குக் கொடுத்தோமோ, அதைத்தான் எண்ண வேண்டும். ஊசி தாய்க்குக் கொடுத்தார்கள். தாயை எண்ண வேண்டும்.

பிரெஞ்சில் 'போர்த்தே' என்று ஒரு சொல் உண்டு. ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகள் என்று ஒரு அர்த்தம். ஒரு விஷயம் எவ்வளவு தூரம் எட்டும், அதன் முக்கியத்துவம் என்ன என்பது இன்னொரு அர்த்தம். சின்ன வயதில் டிக்தே எழுதும்போது எங்கள் வாத்தியார் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எங்களைத் திணறடிப்பார். ஆராய்ச்சிக் கட்டுரையின் போர்த்தே அதிலுள்ள போர்த்தேக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று இப்போது அவருக்கு எழுதிக் காட்டலாம்; அவர்தான் இல்லை.

இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவர் ஸ்டான்லி லாசிக். நரம்பியல் ஆராய்ச்சியும் புள்ளியியலும் இரண்டும் அறிந்தவர், மருந்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். 2013-இல் அவரும் லோரான் எஸ்ஸியூ என்பவரும் இந்த வால்ப்ரோயேட் எலி ஆய்வுகளையே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஈத்தைக் கணக்கில் சரியாக எடுத்துக்கொண்டவை பத்தில் ஒன்றுகூட இல்லை.

சரி, ஒரு மருந்தில்தான் இப்படியோ என்று கேட்கலாம். 2018-இல் லாசிக்கும் வேறு இருவரும் வலை விரித்து வீசினார்கள். 2011 முதல் 2016 வரை வந்த ஆய்வுகளில், தாய் தகப்பனுக்கு ஏதாவது செய்து குட்டிகளில் பலனைப் பார்த்தவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்தார்கள். சரியாக எண்ணியவை 22 சதவீதம். குட்டிகளை எண்ணி, தாய்களை எண்ணியது போல எழுதியவை 46 சதவீதம். மீதி 32 சதவீதத்தில் யாரை எண்ணினார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதிகம் உறுத்துவது இந்த 32. தப்பாக எண்ணியவர் குறைந்தபட்சம் எப்படி எண்ணினார் என்பதை எழுதி வைத்திருக்கிறார், திருத்தலாம். எழுதாமல் விட்ட பதிவேட்டை யார் என்ன செய்வது?

இப்படி எண்ணினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு: 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் காலத்திலிருந்து, பலனே இல்லாத இடத்தில் பலன் இருப்பதாக நூற்றுக்கு ஐந்து முறை ஏமாறலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு வரம்பை வைத்துக்கொண்டு வருகிறார்கள். எட்டை எண்பது என்று எழுதினால் அந்த ஐந்து ஐந்தாக இருக்காது. குட்டிகள் எவ்வளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அது ஏறிக்கொண்டே போகும். கட்டுரையில் மட்டும் ஐந்து என்றே இருக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. தாலிடோமைடு மாத்திரையால் 1960-ஐ ஒட்டி உலகமெங்கும் கை கால் இல்லாத குழந்தைகள் பிறந்த பிறகு, கருவுக்கு ஆபத்து உண்டா என்று சோதிக்கும் விதிமுறைகள் கடுமையாயின. 1975-இலேயே, எண்ண வேண்டியது குட்டியையா ஈத்தையா என்று அந்தத் துறைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு வெளியிட்டிருக்கும் சோதனை விதி, ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 20 கர்ப்பிணி விலங்குகள் வேண்டும், கணக்கு ஈத்தின் பேரில் இருக்க வேண்டும் என்கிறது. இந்த விதி பொருளை விற்க அனுமதி கேட்டு அரசிடம் போகிற கம்பெனிக்கு. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. மருந்துக் கம்பெனிகளைத் திட்டுவது நமக்குப் பழக்கம், பல சமயம் நியாயமும் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கம்பெனி எலி ஒழுங்காக எண்ணப்படுகிறது, கல்லூரி எலி எண்ணப்படுவதில்லை.

இது எனக்கு ஏட்டு விவகாரமாக இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. என்னோடு வேலை பார்த்து, இப்போது இல்லாத ஒரு நண்பரின் மகள், போன வருஷம் ஒரு வண்ணத் துண்டறிக்கையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பையனுக்கு ஐந்து வயது. பேச்சு இன்னும் வரவில்லை. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். "மாமா, எலிக்கெல்லாம் சரியாயிடுச்சாம், நீங்க படிச்சுப் பாருங்க" என்றாள். ஏதோ ஒரு தூள். மாசத்துக்கு நாலாயிரத்துக்கு மேல். 'ஆய்வகத்தில் எலிகளில் நிரூபிக்கப்பட்டது' என்று பெரிய எழுத்து. எந்த ஆய்வகம், எத்தனை எலி, ஒன்றும் இல்லை. அதிலிருந்த முகவரிக்கு நானே எழுதினேன்: எத்தனை தாய் எலிகள், எத்தனை ஈத்து, யார் எங்கே எண்ணினார்கள்? பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. 'இது முழுக்க இயற்கைப் பொருள், பக்க விளைவு கிடையாது, மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி உண்டு.'

அவளிடம் நான் வாங்காதே என்று சொல்லவில்லை. எலிக் கணக்கையும் பானைக் கணக்கையும் சொன்னேன். அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்கு வாரத்தில் இன்னும் ஒருநாள் கூட்டலாமா என்று கேட்டேன். "அவங்க நிரூபிச்சாச்சுன்னு போட்டிருக்காங்களே மாமா" என்றாள். அந்த வார்த்தைக்கு ஒரு தாயிடம் எவ்வளவு பலம் என்று அன்று பார்த்தேன். அதனால்தான், இதைப் படித்தவர்களின் உள்விவகாரம் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டறிக்கை வெறும் பொய்யாகவே இருக்கலாம். ஆனால் எட்டை எண்பதாக எழுதும் ஒழுங்கான கட்டுரைகள்தான் 'எலியில் நிரூபணம்' என்ற சொல்லை இவ்வளவு மலிவாக்கிவிட்டன.

விலங்குகள் மேல் இரக்கம் உள்ளவர்கள் ஒன்று கேட்பார்கள்: இருபது தாய் வேண்டும் என்றால் இன்னும் அதிக எலி சாகாதா? 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், முடிந்தால் விலங்கு வேண்டாம், வேண்டுமென்றால் குறைத்துக்கொள், வலியைத் தணி என்று மூன்று நெறிகளை வகுத்தார்கள். குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஈத்திலும் பத்துக் குட்டியையும் சோதிப்பதைவிட, அதிகத் தாய்களை வைத்து ஈத்துக்கு ஒன்றிரண்டைச் சோதிப்பது பல மடங்கு தகவல் தரும் என்பதுதான் லாசிக் சொல்வது. செலவு கூடும், கூண்டு கூட வேண்டும், உண்மைதான். நான்கு தாயும் நாற்பது குட்டியும் செத்து, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போனால், அந்த நாற்பத்து நான்கும் வீண். அதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம் நாட்டில் விலங்கில் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் விஞ்ஞானிகள் உண்டு, கால்நடை மருத்துவர் உண்டு, வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி உண்டு, மத்தியக் குழுவின் பிரதிநிதி உண்டு. விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறை உள்ள உறுப்பினர் ஒருவரும் உண்டு. புள்ளியியல் தெரிந்தவர் கட்டாயம் என்று அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. எத்தனை எலி கேட்கிறாய், ஏன் அத்தனை என்று கேட்பதற்காகவே உட்காரும் குழுவில், எண்ணத் தெரிந்தவருக்கு நாற்காலி இல்லை. முதலில் அந்த நாற்காலியைப் போட வேண்டும்.

அது வரும்வரை, அந்தச் சமூக அக்கறை உறுப்பினர் இடத்துக்கு நம்மைப் போன்ற ஓய்வு பெற்ற யாரையாவது கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். மருந்தின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. விண்ணப்பத்தில் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுக்கப்படுவது தாய்க்கா, குட்டிக்கா? தாய்க்கு என்றால் தாய்கள் எத்தனை? கட்டுரையில் எண்ணிக்கை என்று எழுதப்போவது எதை? மூன்றும் நிரம்பாத விண்ணப்பத்தை, 'விவரம் போதாது' என்று எழுதி மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். அது நமக்கு நன்றாகவே தெரிந்த வேலை.